மூன்று விநாடி பிந்தி வரும் குரல்: டிஜிட்டல் வானொலி எப்படி வேலை செய்கிறது?

ஒரே நிலையம் எஃப்.எம்.மிலும் டிஜிட்டலிலும் ஒலிபரப்பாகும் இடத்தில் இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். பழைய எஃப்.எம். பெட்டி ஒன்றையும் டிஜிட்டல் ரேடியோ ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் அந்த நிலையத்தையே போடுங்கள். எஃப்.எம். பெட்டியில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொல்லி முதல் தலைப்புக்குப் போயிருப்பார். டிஜிட்டல் பெட்டி அப்போதுதான் வணக்கம் என்று ஆரம்பிக்கும். இரண்டு விநாடி, மூன்று விநாடி, சில நிலையங்களில் அதற்கும் மேலே பிந்தும்.

இரண்டு பெட்டிக்கும் அலை ஒளியின் வேகத்தில்தான் வருகிறது. கோபுரம் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அலை வந்து சேர ஒரு விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். அப்படியானால் மீதி நேரம் எங்கே போனது? அந்தத் தாமதத்தில் நடக்கும் வேலைகளைச் சொன்னாலே டிஜிட்டல் வானொலியின் கதை முக்கால்வாசி முடிந்துவிடும். அதன் நன்மைகளும் அங்கேதான் இருக்கின்றன, அதற்கு நாம் கொடுக்கும் விலையும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பழைய முறையை ஒரு பார்வை பார்த்துவிடலாம். மத்திய அலையில் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அலையின் உயரம் கூடிக் குறைகிறது. மின்னல், மோட்டார், மலிவான சார்ஜர் என எல்லாமே அதே உயரத்தைத்தான் அசைக்கின்றன. அதனால்தான் அந்தக் கரகரப்பு. போதாக்குறைக்கு, இந்த முறையில் செலவாகும் மின்சக்தியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, குரல் எதையும் சுமக்காத வெறும் ஊர்தி அலைக்கே போய்விடுகிறது. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1933-இல் காப்புரிமை பெற்ற எஃப்.எம். முறையில் உயரத்தை விட்டுவிட்டு அதிர்வெண்ணை அசைக்கிறார்கள். இரைச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு பொதுவான குறை உண்டு. வந்து சேரும் அலையில் எது குரல், எது குப்பை என்று பெட்டிக்குத் தெரியாது. வந்ததை அப்படியே ஒலிபெருக்கிக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான்.

டிஜிட்டல் வானொலியை விற்பவர்கள் 'சிடி தரத்தில் ஒலி' என்று விளம்பரம் செய்தார்கள். அது கொஞ்சம் மிகை. நல்ல ஏரியல் போட்ட எஃப்.எம். பெட்டி இன்றைக்கும் டிஜிட்டலுக்கு ஈடு கொடுக்கும். உண்மையான வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. தனக்கு வந்த தகவல் சரியா தப்பா என்று டிஜிட்டல் பெட்டிக்குத் தெரியும். தப்பு என்றால் பெரும்பாலும் அதுவே திருத்திக்கொள்ளும். இது எப்படி முடிகிறது என்பதுதான் சுவாரஸ்யமான பகுதி.

நிலையத்தில் ஒலியை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் (0 அல்லது 1) கொண்ட எண்ணாக எழுதுகிறார்கள். ஸ்டீரியோ என்பதால் இரண்டு மடங்கு. பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட். உலகில் பரவலாக உள்ள டி.ஏ.பி. (டிஜிட்டல் ஆடியோ பிராட்காஸ்டிங்) முறையில், பல நிலையங்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு முழு அலைவரிசைத் தொகுதியில் பயனுக்குக் கிடைக்கும் இடமே வழக்கமாக விநாடிக்குச் சுமார் 11 லட்சத்து 52 ஆயிரம் பிட்தான். ஆக, சுருக்காமல் அனுப்பினால் ஒரு நிலையத்துக்கே இடம் பத்தாது. சுருக்கித்தான் ஆகவேண்டும்.

சுருக்குவதற்கு நம் காதின் பலவீனமே கைகொடுக்கிறது. லாரி ஹாரன் அலறும் நொடியில் பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை. பெரிய ஒலி, தன் அதிர்வெண்ணுக்கு அருகில் உள்ள சின்ன ஒலிகளை மூடிவிடுகிறது. கேட்காத ஒன்றை எதற்கு அனுப்ப வேண்டும்? 1990-களில் வந்த டி.ஏ.பி. பெட்டிகள் எம்.பி.2 என்ற முறையில் இதைச் செய்தன. ஒரு ஸ்டீரியோ நிலையம் சுமாராக ஒலிக்கவே விநாடிக்கு 128 கிலோபிட் (1 லட்சத்து 28 ஆயிரம் பிட்) தேவைப்பட்டது, நன்றாக ஒலிக்க அதற்கும் மேலே வேண்டியிருந்தது. 2007-இல் வந்த டி.ஏ.பி. பிளஸ் இன்னும் தந்திரமானது. உச்ச அதிர்வெண்களை அது அனுப்புவதே இல்லை என்று சொல்லலாம். கீழ்ப்பகுதியை ஒழுங்காக அனுப்பிவிட்டு, 'மேலே இதே சாயலில், இவ்வளவு பலத்தில் போட்டு நிரப்பிக்கொள்' என்று ஒரு குறிப்பை மட்டும் சேர்த்து அனுப்புகிறது. பெட்டி அதை வைத்து மேல்பகுதியைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. நாம் கேட்கும் தாளத்தின் சலங்கை ஒலியில் ஒரு பங்கு, பெட்டியின் ஊகம். பெரும்பாலான காதுகளுக்கு அது தெரிவதில்லை. 72 கிலோபிட்டில் ஒரு நிலையம் என்று வைத்தால் அதே தொகுதியில் 16 நிலையங்கள் அடங்கும்.

இப்படிக் கசக்கிப் பிழிந்த தகவலில் ஒரு பிட் போனாலும் நஷ்டம் பெரிது. அதனால் அடுத்த வேலை பாதுகாப்பு.

போனில் நண்பருக்கு மூன்று எண்கள் சொல்கிறீர்கள்: 3, 7, 5. லைன் சரியில்லை. கூடவே 'மொத்தம் 15' என்றும் சொல்லிவிட்டால், நடு எண் காதில் விழாவிட்டாலும் அவர் 7 என்று கண்டுபிடித்துவிடுவார். டிஜிட்டல் வானொலியில் நடப்பது இதன் மிகப் பெரிய வடிவம். வழக்கமான அமைப்பில் கோபுரம் அனுப்பும் பிட்களில் பாதிக்குப் பாதி இப்படிப்பட்ட காவல் பிட்கள்தான். பாதி இடத்தைக் காவலுக்குக் கொடுப்பது ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் காவல் இல்லாவிட்டால், ஓடும் காரில் டிஜிட்டல் வானொலி பத்து விநாடிகூடத் தொடர்ந்து ஒலிக்காது.

காவல் மட்டும் போதாது. கார் ஒரு பாலத்தின் அடியில் நுழைந்து வெளியே வருவதற்குள் ஒரு கொத்துப் பிட்கள் மொத்தமாகப் போய்விடும். மூன்று எண்ணில் ஒன்று போனால் கண்டுபிடிக்கலாம், மூன்றும் போனால்? இதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு: கலைத்து அனுப்புவது. 'நாளை காலை மழை வரும்' என்ற செய்தியில் ஒன்பது எழுத்து இருக்கிறது. மும்மூன்றாக அடுக்குவோம்.

நா ளை கா
லை ம ழை
வ ரு ம்

இதை வரிவரியாக அனுப்பும்போது நடுவில் மூன்று எழுத்து போய்விட்டால், கிடைப்பது 'நாளைகா… வரும்'. என்ன வரும்? மழையா, மாமாவா? தெரியாது. வரிக்குப் பதிலாக மேலிருந்து கீழாக அனுப்பிப் பாருங்கள்: நா லை வ, ளை ம ரு, கா ழை ம். இப்போதும் நடு மூன்று எழுத்து போகட்டும். பெட்டி திரும்ப அடுக்கும்போது 'நா_ கா லை _ழை வ_ம்' என்று வரும். தமிழ் தெரிந்த யாரும் இதைப் படித்துவிடுவார்கள். இழப்பு அதே மூன்று எழுத்துதான், ஆனால் ஒரே இடத்தில் ஓட்டை விழாமல் பரவிவிட்டது. பரவிய ஓட்டைகளைக் காவல் பிட்கள் அடைத்துவிடும்.

டி.ஏ.பி.யில் இந்தக் கலைப்பு விநாடியில் ஆயிரத்தில் 384 பங்கு நேரத்துக்குப் பரவியிருக்கிறது, அதாவது 0.384 விநாடி. எல்லாத் துண்டும் வந்து சேர்ந்த பிறகுதான் பெட்டி அடுக்க ஆரம்பிக்க முடியும். நம் தாமதத்தில் ஒரு பகுதி எங்கே போனது என்று இப்போது தெரிந்துவிட்டது.

இன்னொரு எதிரி எதிரொலி. கோபுரத்திலிருந்து அலை நேராகவும் வரும், கட்டடத்தில் பட்டும் வரும், மலையில் பட்டும் வரும். ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒன்றையொன்று குலைக்கும். பெரிய காலி மண்டபத்தில் பேசியவர்களுக்கு இது புரியும். வேகமாகப் பேசினால் முந்தைய சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் ஏறி விழும். நிறுத்தி, நிதானமாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசினால் தெளிவாகக் கேட்கும். ஆனால் நிதானமாகப் பேசினால் கொஞ்சம்தான் சொல்ல முடியும். சரி, அதற்கு ஆள் பலத்தைக் கூட்டினால்? டி.ஏ.பி.யில் 1,536 பேர், அதாவது 1,536 சிறு அலைகள், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சுருதியில், மெதுவாகப் பேசுகிறார்கள். அடுத்தடுத்த சுருதிகளுக்கு நடுவே 1 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. ஒவ்வொருவரும் விநாடிக்குச் சுமார் 800 முறைதான் வாய் திறக்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே எதிரொலி அடங்குவதற்காக 246 மைக்ரோவிநாடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆள் ஒருவரின் வேகம் குறைவு, கூட்டத்தின் வேகம் பெரிது. டிஜிட்டல் தொலைக்காட்சியும் வைஃபையும் இதே குடும்பத்து உத்தியில்தான் ஓடுகின்றன.

246 மைக்ரோவிநாடி என்பது பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒளி சுமார் 74 கிலோமீட்டர் ஓடிவிடும். எதிரொலி 74 கிலோமீட்டர் அதிகமாகச் சுற்றிக்கொண்டு வந்தாலும் பெட்டி சமாளித்துவிடும் என்று அர்த்தம். அப்புறம் பொறியாளர்களுக்கு ஒரு யோசனை வந்தது. எதிரொலியைச் சமாளிக்க முடியும் என்றால், அடுத்த ஊர்க் கோபுரம் அதே அலைவரிசையில் அதே நிகழ்ச்சியை அனுப்பினால் என்ன? பெட்டிக்கு அது இன்னொரு எதிரொலி மாதிரிதான். இப்படி ஒரு நாடு முழுக்க ஒரே அலைவரிசையில் கோபுரங்களை வரிசையாக நிறுத்தலாம். எஃப்.எம்.மில் இது நடக்காது. ஒரே நிகழ்ச்சிக்குக் கோபுரத்துக்குக் கோபுரம் வேறு வேறு அலைவரிசை வேண்டும், நீண்ட பயணத்தில் காரோட்டி திருகிக்கொண்டே போகவேண்டும். டிஜிட்டலில் ஒரு கோபுரத்தின் எல்லை தாண்டி இன்னொன்றின் எல்லைக்குள் நுழைந்தது கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. பழைய காலத்தில் தொல்லையாக இருந்த ஒன்று இங்கே துணையாக மாறிவிட்டது. எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எல்லாக் கோபுரமும் அதே பிட்டை மைக்ரோவிநாடி பிசகாமல் அனுப்பவேண்டும். தகவல் எல்லாக் கோபுரத்துக்கும் போய்ச் சேரும்வரை கிட்டத்தில் இருப்பவை காத்திருக்கும். ஜி.பி.எஸ். கடிகாரம் பார்த்து எல்லாம் சேர்ந்து அனுப்பும். சுருக்குவதற்குக் கொஞ்சம், கலைப்பதற்குக் கொஞ்சம், கோபுரங்கள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதற்குக் கொஞ்சம், பெட்டி விரித்து ஒலியாக்குவதற்குக் கொஞ்சம் என்று சேர்ந்துதான் அந்த இரண்டு மூன்று விநாடி ஆகிறது. மைதானத்தில் உட்கார்ந்து வர்ணனை கேட்பவர்களுக்கு இது எரிச்சல்தான். விக்கெட் விழுந்து கூட்டம் கத்தி ஓய்ந்த பிறகு காதில் 'பந்து வீச ஓடி வருகிறார்' என்று கேட்கும்.

இத்தனையும் செய்து நேயருக்கு என்ன கிடைக்கிறது? முதல் லாபம், தேர்வு. நார்வேயில் எஃப்.எம்.மில் நாடு முழுவதற்குமான நிலையங்கள் ஐந்துக்குத்தான் இடம் இருந்தது. டி.ஏ.பி.யில் அது 20-ஐத் தாண்டியது. ஒரு கோபுரத்தின் மின்செலவைப் பல நிலையங்கள் பங்கிட்டுக்கொள்வதால் ஆளுக்குச் செலவும் குறைகிறது. தங்கள் நாட்டில் ஒரு நிலையத்தை எஃப்.எம்.மில் ஒலிபரப்ப ஆகும் செலவு டி.ஏ.பி.யைப் போல எட்டு மடங்கு என்று நார்வே அரசு கணக்குச் சொன்னது. அதனால் சாஸ்திரிய சங்கீதம், சிறுவர் நிகழ்ச்சி, சிறுபான்மை மொழி என்று கூட்டம் சேராத விஷயங்களுக்கும் தனி நிலையம் வைக்க முடிகிறது.

அலைவரிசை எண்ணை நினைவில் வைக்கவேண்டியதும் இல்லை. பெட்டி ஒருமுறை தேடி முடித்தால் நிலையங்களின் பெயர்ப் பட்டியலைக் காட்டும், பெயரை அழுத்தினால் போதும். பார்வை மங்கிய முதியவர்களுக்குத் திரையும் பட்டியலும் சங்கடம் என்பதையும் சொல்லவேண்டும், ஒரு குமிழைத் திருகுவதுபோல் இது எளிதில்லை. பாட்டின் பெயர், பாடியவர் பெயர், செய்தித் தலைப்பு எல்லாம் திரையில் ஓடும். டி.ஏ.பி.யில் இந்த ஓடும் எழுத்துக்கு ஒரு தடவைக்கு 128 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு 128 எழுத்து. தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால் 42 குறியீடுகளில் கதையை முடித்துக்கொள்ள வேண்டும். கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு என்பதால் எழுத்துக் கணக்கில் இன்னும் குறையும். நீளமான பாடல் வரி ஒன்றுக்கே அது பற்றாது.

டி.ஏ.பி. ஒன்றே டிஜிட்டல் வானொலி இல்லை. ஐரோப்பாவில் 1987-இல் யுரேகா 147 என்ற கூட்டுத் திட்டமாகத் தொடங்கி, 1995 ஜூன் 1 அன்று நார்வேயில் முதல் வழக்கமான ஒலிபரப்பாக அது வெளிவந்தது. மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் டி.ஆர்.எம். (டிஜிட்டல் ரேடியோ மாண்டியல்) என்ற தனி முறை இருக்கிறது. அதன் முறையான ஒலிபரப்பு 2003-இல் தொடங்கியது. 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள அந்தப் பழைய ஒற்றையடிப் பாதைக்குள்ளேயே டிஜிட்டல் ஒலியை நுழைத்துவிடுகிறார்கள். ஒரே கோபுரத்தால் பல நூறு கிலோமீட்டர் எட்டும் என்பதால் பரந்த நாடுகளுக்கு இது பொருந்தும். இந்தியாவில் ஆகாசவாணி மத்திய அலைக்கு இதையே தேர்ந்தெடுத்து, 30-க்கும் மேற்பட்ட ஒலிபரப்பிகளை இதற்கேற்ப அமைத்தது. கோபுரங்கள் தயாரானபோதும் கடையில் வாங்கப் பெட்டி சுலபமாகக் கிடைக்கவில்லை. பெட்டி இல்லாததால் கேட்பவர் இல்லை, கேட்பவர் இல்லாததால் பெட்டி செய்ய ஆள் இல்லை. புது வானொலி முறை எதுவும் முதலில் மாட்டிக்கொள்ளும் முடிச்சு இது.

அமெரிக்கா மூன்றாவது வழியில் போனது. 2002-இல் அங்கே அனுமதி பெற்ற எச்.டி. ரேடியோ, பழைய அனலாக் அலையின் இரு ஓரங்களிலும் டிஜிட்டல் அலையை ஒட்டவைத்து ஒரே நேரத்தில் இரண்டையும் அனுப்புகிறது. டிஜிட்டல் விட்டுப்போனால் பெட்டி சத்தமில்லாமல் அனலாக்குக்கு மாறிக்கொள்ளும். அந்த மாற்றம் காதுக்குத் தெரியாமல் இருக்க, நிலையமே தன் அனலாக் ஒலியைச் சுமார் 8 விநாடி பிடித்துவைத்து அனுப்புகிறது. அங்கே டிஜிட்டலின் தாமதம் பழைய பெட்டியையும் தொற்றிக்கொண்டுவிட்டது.

குறைகளுக்கு வருவோம். எஃப்.எம். அலை பலவீனமானால் படிப்படியாக இரைச்சல் ஏறும், அதற்குள்ளும் சேதியைப் பிடித்துக்கொள்ளலாம். டிஜிட்டல் கடைசிவரை சுத்தமாக ஒலித்துக்கொண்டே வந்து, காவல் பிட்களின் சக்தி தீர்ந்த இடத்தில் தண்ணீரில் மூழ்குவதுபோல் கொப்பளித்துவிட்டுச் சட்டென்று நின்றுபோகும். வெட்டிவிட்ட மலை விளிம்பு மாதிரி. வீட்டில் ஒரு மூலையில் பாடும் பெட்டி அரை அடி தள்ளி வைத்தால் ஊமையாகிவிடுவதற்கு இதுதான் காரணம். கணக்குப் போடும் சில்லு ஓயாமல் ஓடுவதால் பேட்டரியும் எஃப்.எம். பெட்டியைவிடச் சீக்கிரம் தீரும்.

இன்னொரு குறை தொழில்நுட்பத்தின் தவறில்லை, மனிதர்களின் ஆசை. ஒரு தொகுதியில் ஒன்பது நிலையம் அழகாக ஒலிக்கும் என்றால், ஒவ்வொன்றின் பிட்டையும் குறைத்துப் பன்னிரண்டாக நெருக்கினால் வருமானம் கூடும். தொடக்க கால பிரிட்டனில் இதுதான் நடந்தது. எஃப்.எம்.மில் ஸ்டீரியோவாகக் கேட்டவர்கள் புதுப் பெட்டிக்குப் பணம் கொடுத்து, சில நிலையங்களை மோனோவில் கேட்க நேர்ந்தது. ஆகவே, டிஜிட்டல் என்பதாலேயே ஒலி நன்றாக இருக்கும் என்று நம்பவேண்டாம். நிலையம் எத்தனை பிட் கொடுக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் அது. பல பெட்டிகளில் தகவல் பொத்தானை அழுத்தினால் அந்த எண் தெரியும்.

இதெல்லாம் எதற்கு, இணையத்தில்தான் உலக வானொலி எல்லாம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இணையத்தில் பத்து லட்சம் பேர் கேட்டால் சர்வர் பத்து லட்சம் தனித்தனி ஓடைகளை ஊற்றவேண்டும். கோபுரத்துக்கு ஒருவர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் ஒரே செலவு. டேட்டா கட்டணம் கிடையாது. நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியவும் தெரியாது, ஏனென்றால் பெட்டி எதையும் திருப்பி அனுப்புவதில்லை. புயலிலும் நிலநடுக்கத்திலும் செல்போன் வலை நெரிசலில் திணறும் நேரத்தில் கோபுரம் ஒன்று நின்றிருந்தால் போதும். டி.ஆர்.எம்.மில் ஆபத்துக் கால அறிவிப்புக்கென்றே கொடி மாதிரி ஒரு சமிக்ஞை வைத்திருக்கிறார்கள். அது உயர்ந்தால், வேறு நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியும் தானாக எச்சரிக்கை நிலையத்துக்குத் தாவும், விவரம் திரையில் எழுத்தாகவும் வரும்.

இந்த நன்மைகளைக் காட்டி நார்வே 2017-இல் ஜனவரி 11 முதல் டிசம்பர் 13 வரை பகுதி பகுதியாகத் தன் தேசிய எஃப்.எம். ஒலிபரப்புகளை நிறுத்தியது. சின்ன உள்ளூர் நிலையங்கள் பல எஃப்.எம்.மிலேயே தொடர்ந்தன. சுவிட்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 முடிவோடு எஃப்.எம்.மை விட்டது. இரண்டு இடத்திலும் கேட்போர் எண்ணிக்கை சரிந்தது. பழைய கார், பழைய பெட்டி வைத்திருந்தவர்கள் கழன்றுகொண்டார்கள். பெட்டி இல்லாததால் கேட்பவர் இல்லை என்ற முடிச்சை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் அவிழ்க்கப் பார்த்தது: 2020 டிசம்பர் 21 முதல், ரேடியோவோடு வரும் புதுக் கார் ஒவ்வொன்றிலும் டிஜிட்டல் வானொலியைப் பிடிக்கும் வசதி இருந்தாகவேண்டும்.

பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டி.ஏ.பி. பிளஸ் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டி.ஏ.பி. மட்டும் அறிந்த பழைய பெட்டியால் பிளஸ் ஒலிபரப்பை விரிக்க முடியாது. டி.ஆர்.எம். மட்டும் உள்ள நாட்டில் டி.ஏ.பி. பெட்டி வெறும் அலங்காரப் பொருள்தான். ஏரியலை முழுக்க நீட்டி, ஜன்னல் பக்கம் வைத்து, ஒருமுறை முழுதாகத் தேடச் சொல்லுங்கள். புது நிலையம் வந்தால் மறுபடி தேடவேண்டியிருக்கும்.

மணிக்கு மணி ஒலிக்கும் நேர ஒலியைக் கேட்டுக் கடிகாரம் திருத்தும் பழக்கம் இருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள், அந்த ஒலியும் இரண்டு மூன்று விநாடி பிந்தித்தான் வரும். டி.ஏ.பி.யில் நேரத் தகவல் ஒலியோடு வருவதில்லை. நிலையப் பட்டியலைச் சுமந்து வரும் தனித் தடத்தில், கலைக்காமல் வருகிறது. அதனால் அதே பெட்டியின் திரையில் மணி எட்டைத் தாண்டியிருக்கும், ஒலிபெருக்கி அதற்கப்புறம்தான் எட்டு அடிக்கும்.